இரண்டு அணிக்கும் ஒன்று குறைவு

தம்பிகளே, நீங்கள் போனில் அனுப்பியிருந்த கேள்வியை டீக்கடைக்காரரிடம் நீட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் பதிலைப் பேசித்தான் அனுப்புகிறேன். எழுத்தாக்குவது உங்கள் பாடு. நடுவில் நான் எங்காவது போய்விட்டால் வெட்டிவிடாதீர்கள். சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுவேன்.

கேள்வி இதுதான். நம் கால்பந்து லீக்கில் எட்டு ஊர் அணிகள், ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. கடைசியில் ஆறு அணிகள் மிஞ்சி ப்ளேஆஃப் ஆடும், முதல் சுற்று, அரையிறுதி, ஃபைனல் என்று. அந்த ஆட்டங்களுக்கு முன்னால், இரண்டு அணிகளும் நடுக்கோட்டில் வரிசையாக நிற்க, மைக் பிடிக்கிறவர் ரெண்டு பேருடைய பழைய ப்ளேஆஃப் கணக்கையும் சொல்லுவார். இதுவரை எத்தனை ஜெயித்தார்கள், யாரை ஜெயித்தார்கள் என்று. மீமிசலுக்கும் விராலிமலைக்கும் மட்டும் போனில் லீக் பதிவில் இருப்பதைவிட மைதானத்தில் ஒரு வெற்றி குறைவாகச் சொல்லுகிறோமே, யார் செய்த தப்பு அது? புதிதாக மைக் பிடிக்க வந்தவர்கள் நீங்கள், கேட்டது நியாயம்தான்.

தப்பு இல்லை. இரண்டு பேர் சொல்லி நடந்த காரியம். அந்த இரண்டு பேரையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே மைக்செட் தூக்கித்தான். மரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிற ஆள். கடற்கரைப் பக்கம் கட்டுவதென்றால் குழாயின் வாயைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாம் பேசுவது நமக்கே திரும்பி வரும். மைக்செட் முதலாளிதான் மைக்கில் பேசுவார். ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது இரண்டே விஷயம்.

"கம்மியா ஜெயிச்சவன மொதல்ல சொல்லு. பெரிய டீமு கணக்க கேட்டுட்டு அவன் தல தொங்குறதுக்கு முன்னாடி சொல்லிப்புடு."

அடுத்தது, "மைக்ல சொல்றதுக்கு முந்தி ரெண்டு கேப்டன் கிட்டயும் நடந்து போயி காதுல கணக்க சொல்லு. அவன் தலையாட்டுன பொறவுதான் மைக்கு. கணக்கு அவனோடது. நீ வாயி மட்டுந்தான்."

முதல் விஷயம் எவ்வளவு பெரியது என்பதை வேறொருத்தர் பட்டதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டவுன் அணிக்கு ஆட்டம். நம் ஆள் ஒருத்தர் மைக்கைப் பிடித்தார். டவுன்காரர்கள் ஜெயித்த கோப்பை, அடித்த கோல், மாலை போட்ட பிரமுகர் என்று இழுத்துக்கொண்டே போனார். எதிரே நின்ற விராலிமலை ஆட்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுடைய கேப்டன் முருகேசன் கையைத் தூக்கி, "அண்ணே, நீங்க பேசி முடிங்க. நாங்க கொடும்பாளூர் விலக்குல ஒரு டீ குடிச்சுட்டு வாரோம்" என்றான். மைதானமே சிரித்தது. சிரித்தாலும், அந்தப் பதினோரு பேரை எழுப்பி நிறுத்த நடுவர் பட்ட பாடு பெரிசு.

எந்த அணி பெரியது என்று ஒப்பிடுகிற பேச்சு இருக்கிறதே, அதுதான் நமக்குச் சோறு போடுகிறது. டீக்கடையில் இன்றைக்கும் அதே பேச்சுதான்.

"கோப்பைய எண்ணுய்யா. டவுன்காரன்தான் பெருசு."

"வீட்டு வாசல்ல வச்சு ஜெயிக்கிறது ஒரு ஜெயிப்பா? மீமிசல்காரன் கடலுக்குப் போயிட்டு வந்து கால்ல உப்போட ஆடுறான்."

"உப்பு ஒட்டியிருந்தா கோலு விழுமாக்கும்?"

டவுன் அணி பெனால்ட்டிக்குப் போனால் தோற்காது. அவர்களுடைய நெஞ்சுத் துணிச்சல் அப்படி. விராலிமலை ஆட்கள் ஹைவே ஓரத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர்கள், பழக்கடை போடுகிறவர்கள். மலைப்படி ஏறி ஏறித் தேறிய கால். எதிராளி மூச்சு வாங்கும்போதுதான் அவர்கள் ஓடவே தொடங்குவார்கள். பொறுமையும் அதிகம். அவர்கள் ஊர் மைதானத்தில் மயில் வந்து கோலுக்குள் நின்றுகொள்ளும். நடுவர் விசில் ஊதினாலும் திரும்பிப் பார்க்காது. முருகேசன், "வெரட்டாதீங்க, அது எங்க எக்ஸ்ட்ரா ஃபுல்பேக்கு" என்பான். அது தானாகப் போகிறவரைக்கும் நிற்பார்கள்.

மீமிசல் வேறு மாதிரி. அரையிறுதிக்கு வந்து வந்து திரும்பிய அணி. ப்ளேஆஃப் முதல் சுற்றில் ஜெயிப்பார்கள், அரையிறுதியில் தோற்பார்கள். ஒரு தடவைகூட ஃபைனலுக்குப் போனதில்லை. ஆனால் ஃபைனல் ஆடிய எந்த அணியைவிடவும் அவர்கள் அரையிறுதிதான் எனக்கு நினைவில் நிற்கிறது. அதற்குக் காரணம் கோல்கீப்பர் ஆரோக்கியம். அவனேதான் கேப்டனும். மீன் இறங்குகிற துறையில் ஏலம் கூவி வளர்ந்த தொண்டை. அவன் பின்னாலிருந்து கத்தினால் முன்னால் ஆடுகிறவனுக்கு என் குழாய் தேவையில்லை. பந்தைத் தட்டிவிடவே மாட்டான், பிடிப்பான். பிடித்தால் பிடித்ததுதான். பெனால்ட்டியில் தோற்ற நாளில், குறி தவறிய தன் பையனைத்தான் முதலில் போய்க் கட்டிக்கொள்வான்.

நான் சொல்ல வந்த அந்த வருஷம் ஆரோக்கியத்துக்குக் கடைசி வருஷம். குவைத்தில் படகு வேலை. விசா வந்துவிட்டது, ஃபைனல் முடிந்த வாரமே விமானம். அரையிறுதி அன்றைக்கு மதியம் நான் குழாய் கட்டிக்கொண்டிருந்தபோது மரத்தடிக்கு வந்து நின்றான்.

"அண்ணே, ஒரே ஒரு ஃபைனல். ஜெயிக்கணும்னுகூட இல்லண்ணே. அந்தக் கோட்டுல ஒரு தடவ நின்னுட்டுப் போயிரணும்."

"நிப்படா. கால ஏன் இந்த ஆட்டு ஆட்டுற?"

"கயித்த இழுத்துக் கட்டுங்க. காத்து வாடை சரியில்ல."

கடல்காரன் சொன்னான். எனக்குத்தான் உறைக்கவில்லை.

அரையிறுதி. மீமிசலும் விராலிமலையும். இடம் கொடும்பாளூர்ப் பக்கம், கண்மாயை ஒட்டிய பொட்டல். மூவர் கோயில் பார்க்க வந்தவர்கள்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றிருந்தார்கள். இடைவேளை வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. முருகேசன் அடித்த ஒரு பந்தை ஆரோக்கியம் தரையோடு படுத்து எடுத்தான் பாருங்கள், நான் மைக்கில் பேச மறந்துபோனேன். கூட்டத்தில் எவனோ, "மைக்கு செத்துப்போச்சா?" என்று கத்திய பிறகுதான் நினைவு வந்தது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் மழை. புரட்டாசி மழைதான், ஆனால் அன்றைக்குக் கொட்டியது. பொட்டல் பள்ளமான இடம். கண்மாய்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகிவிட்டது. பந்து உருளவில்லை, மிதந்தது. கோல் வாயில் கணுக்காலுக்கு மேலே தண்ணீர். பெனால்ட்டி அடிக்கக்கூட இடமில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மறுநாளே ஃபைனல். தள்ளிப்போட முடியாது, போலீஸ் அனுமதி அந்த ஒரு நாளுக்குத்தான்.

இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கமிட்டி முன்பே ஒரு விதி வைத்திருந்தது. அதுவரை எல்லா வருஷ ப்ளேஆஃப்பிலும் சேர்த்து அதிகம் ஜெயித்தவர்கள் ஃபைனலுக்கு. சமமாக இருந்தால் மட்டும் டாஸ். முன்னொரு காலத்தில் நேரே டாஸ் போட்டு அடிதடியாகி, என் குழாய் ஒன்று நெளிந்ததற்கு அப்புறம் வந்த விதி.

கமிட்டிச் செயலாளர் குடையோடு என் பந்தலுக்கு வந்தார். நல்ல மனிதர், லீக்குக்காக அலைந்து அலைந்து செருப்பைத் தேய்த்தவர். போனைப் பார்த்தார்.

"மீமிசல் நாலு, விராலிமலை மூணு. மீமிசல்தான். சொல்லிருங்க, கூட்டம் நனையுது."

கணக்கு சரிதான். மீமிசல் கூட்டத்துக்கும் அது தெரியும். எல்லார் கையிலும் போன் இருக்கிறதே. வேன் வேனாய் வந்தவர்கள் சேற்றில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். கலீல் என்று ஒரு பையன், அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரன், சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஓடினான். "ஆரோக்கியண்ணே! ஃபைனலு! ஃபைனலு!"

என் கையில் வயரில்லாத மைக். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் முதலாளி பழக்கிவிட்ட கால் நிற்கவில்லை. மழையில் இறங்கினேன்.

"எங்கிட்டு போறீங்க?" என்றார் செயலாளர்.

"கேப்டன்ககிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்."

"அதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னாடி சொன்னீங்கள்ல?"

"அது சும்மா கணக்கு. இது தீர்ப்பு."

கம்மியாக ஜெயித்தவனிடம்தானே முதலில் போக வேண்டும். முருகேசன் காதில், "மூணு" என்றேன். தலையாட்டினான். முகத்தில் தண்ணீர் வழிந்தது, மழையோ என்னவோ. பிறகு ஆரோக்கியத்திடம் போனேன்.

"நாலு. நீங்கதான்டா ஃபைனலு. தலையாட்டு."

அவன் ஆட்டவில்லை. கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, அந்த நாலுல வாக்ஓவர் ஒன்னு இருக்குல்ல?"

இருந்தது. சில வருஷத்துக்கு முன்னால், ப்ளேஆஃப் முதல் சுற்று, இதே விராலிமலைதான் எதிரணி. அன்றைக்குக் காலையில் முருகேசனுடைய அப்பா இறந்துபோனார். அணி மொத்தமும் பாடையைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போய்விட்டது. தகவல் வந்து சேருவதற்குள் ஆட்ட நேரம் வந்துவிட, நடுவர் விசில் ஊதினார். எதிரணி வராவிட்டால், வந்த அணி நடுவில் பந்தைத் தொட்டு, ஆளில்லாத கோலில் கொண்டுபோய்ப் போட வேண்டும். அதுதான் வாக்ஓவர் முறை. மீமிசல் போட்டது. ஜெயித்ததாகப் பதிவானது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் நான் காதில் கணக்குச் சொன்னபோதெல்லாம் ஆரோக்கியம் தலையாட்டித்தான் இருந்தான். சும்மா சொல்லுகிற கணக்குக்கு ஆட்டிய தலை, தீர்ப்புக்கு ஆடவில்லை.

"ஆமா, இருக்கு. விதிப்படி அதும் ஜெயிப்புத்தான்."

"நான் கோலுல நின்னேண்ணே அன்னிக்கு. எங்கிட்டு ஒரு பந்துகூட வரல. எதப் புடிச்சு ஜெயிச்சேன்? அத எடுத்துருங்க."

அதற்குள் கலீல் ஓடிவந்துவிட்டான்.

"என்னண்ணே பேச்சு? எதுக்கு எடுக்கணும்?"

"மூணு, மூணு. டாஸ் போடட்டும்."

"ஒங்களுக்குக் கிறுக்கா? அடுத்த வாரம் குவைத்துல ஒட்டகத்துக்கா கோலு புடிக்கப் போறீங்க? இதுதான கடைசி!"

"கடைசிங்கிறதாலதான்டா சொல்றேன். தள்ளிப் போ."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்கண்ணே! தலைய மட்டும் ஆட்டுங்க. காசா பணமா?"

செயலாளரும் குடையோடு வந்து சேர்ந்தார். "ஆரோக்கியம், வாக்ஓவர் வெற்றிதான்பா. பதிவுல இருக்கு. அத நானோ நீயோ அழிக்க முடியாது."

"பதிவுல இருக்கட்டுங்க. நான் அழிக்கச் சொல்லல. இவரு மைக்ல சொல்ல வேணாம், அம்புட்டுத்தான்."

செயலாளர் என் பக்கம் கையை நீட்டினார். "மைக்க இங்கிட்டு குடுங்க. நானே சொல்லிர்றேன்."

தம்பிகளே, இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சொன்னதில் தப்பில்லை. விதி அவர் பக்கம். மீமிசல் கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தினால் என்ன ஆகுமோ தெரியாது. ஆரோக்கியம் ஒருத்தனுடைய ஆசைக்கு மற்ற பத்துப் பேருடைய ஃபைனலையும் விட்டுக்கொடுக்கலாமா என்ற கேள்வியும் இருந்தது. அதனால் நான் ஆரோக்கியம் கேட்டபடியும் சொல்லவில்லை, செயலாளரிடம் மைக்கையும் கொடுக்கவில்லை. ஆரோக்கியத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"ஒன் கணக்கா இருந்தா நான் இப்பவே சொல்லிருவேன். இது பதினோரு பேரு கணக்கு. அவங்ககிட்ட கேளு."

அவன் திரும்பி ஆட்களைப் பார்த்தான். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். எல்லாரும் அன்றைக்கு ஆளில்லாத கோலைப் பார்த்தவர்கள் இல்லை, கலீல் அப்போது அணியிலேயே கிடையாது. பழைய ஆள் ஒருத்தர், பேக் ஆடுகிறவர், "அன்னிக்கு நாந்தேன் அந்தப் பந்தப் போட்டேன். வீட்டுக்குப் போயி சோறு எறங்கல" என்றார். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். கலீல் மட்டும் சட்டையைத் தரையில் அடித்துவிட்டு, "என்னமோ செய்யுங்க" என்று முதுகைக் காட்டி நின்றான்.

செயலாளர் குடையை மடக்கிவிட்டார். நனைந்துகொண்டே, "கேப்டன் கேட்டுக்கிட்டா நான் மறுக்க முடியாது. டாஸ் போடுங்க" என்றார். அந்த மனிதரையும் நான் குறைவாக நினைத்ததில்லை.

மைக்கில் சொன்னேன். மீமிசல் மூன்று, விராலிமலை மூன்று. கூட்டம் வெடித்தது. "யோவ் பெருசு! நாலுய்யா!" என்று மண்ணாங்கட்டி ஒன்று பந்தலில் வந்து விழுந்தது. ஆரோக்கியம் தன் கூட்டத்தைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தினான். ஏலத் தொண்டையில் ஒரே ஒரு சத்தம். "நாந்தேன் சொன்னேன்!" அடங்கிவிட்டார்கள்.

காசை எங்கே சுண்டுவது? தரை முழுக்கத் தண்ணீர். என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை மூடியிருந்த தார்ப்பாய் மேல் சுண்டினார் நடுவர். முருகேசன் கேட்டான், "தலை." தலைதான் விழுந்தது.

விராலிமலை ஆட்கள் குதிக்கவில்லை. குதித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முருகேசன் தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆரோக்கியம் போய் அவன் தோளில் தட்டினான்.

"நாளைக்கு டவுன்காரன விட்றாதீங்கடா. பெனால்ட்டிக்கு மட்டும் போயிராதீங்க."

முருகேசன் தலையாட்டினான். ஆரோக்கியம் ஈரக் கையுறையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போய்விட்டான்.

மறுநாள் விராலிமலை ஜெயித்தது. பெனால்ட்டிக்குப் போகாமலேயே. அந்த வாரமே ஆரோக்கியம் விமானம் ஏறினான். ஃபைனல் கோட்டில் அவன் நிற்கவே இல்லை. இன்னும் குவைத்தில்தான் இருக்கிறான்.

அடுத்த வருஷம் ப்ளேஆஃப் முதல் சுற்றிலேயே மறுபடியும் அதே இரண்டு அணிகள். பொட்டல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. மீமிசலுக்குக் கலீல் கேப்டன். எனக்கு அவனிடம் போகவே கொஞ்சம் தயக்கமாக இருந்தது. போனேன்.

"கலீலு, இப்ப நீதான் கேப்டன். போன்ல நாலு இருக்கு. ஆரோக்கியம் சொன்னது மூணு. எதச் சொல்ல?"

எதிர் வரிசையில் நின்ற முருகேசனை ஒரு பார்வை பார்த்தான்.

"அன்னிக்கு நான் கத்துனது கத்துனதுதான். இப்பவும் எனக்கு வயிறு எரியுது."

"சரி. நாலுன்னு சொல்லிரவா?"

"மூணுன்னு சொல்லுங்க. ஆரோக்கியண்ணன் குவைத்துல லைவ்ல பாத்துக்கிட்டு இருக்கும்."

அவனை விட்டு முருகேசனிடம் வந்தேன். "அஞ்சு. அரையிறுதியும் ஃபைனலும் சேத்து."

முருகேசன் தலையை ஆட்டினான், குறுக்கே.

"நாலு."

"ஏன்டா?"

"அந்த அரையிறுதி நாங்க ஜெயிச்சதில்ல. காசு ஜெயிச்சது. எடுத்துருங்க."

பக்கத்தில் நின்ற செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப கோப்பையையும் திருப்பிக் குடுத்துருவியா?"

"அது எதுக்குங்க? ஃபைனல்ல ஓடி ஜெயிச்சோம்ல. அது எங்களுதுதான். தர மாட்டோம்."

இதுதான் விஷயம், தம்பிகளே. போனில் இருப்பது போனில் இருக்கட்டும், அதுவும் சரிதான். யார் எத்தனை என்று ஒப்பிடுங்கள், ராத்திரி பகலாக ஒப்பிடுங்கள், அந்த ருசியே தனி. ஆனால் மைக்கை எடுப்பதற்கு முன்னால் அந்த நாலு எட்டு நடந்து போய்க் கேளுங்கள். நான் கேட்காமல் சொல்லியிருந்தால், இப்படி இரண்டு பேர் நம் லீக்கில் இருந்தார்கள் என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

நான் பந்தலுக்குத் திரும்பி வந்து மைக்கை எடுத்தேன். கம்மியாக ஜெயித்தவர்களை முதலில் சொன்னேன். மீமிசல் மூன்று. பிறகு, விராலிமலை நான்கு. கூட்டம் முழுக்கப் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு கத்தியது. "பெருசு, தப்பு! ரெண்டுமே தப்பு!"

நடுக்கோட்டில் நின்ற இருபத்திரண்டு பேரில் ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.